யான் வன்சினாவை எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்குவது? 1961இலிருந்தா, 1985இலிருந்தா?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாற்றில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எழுத்துச் சான்றுகள் அரிதாக உள்ள சமூகங்களின் கடந்தகாலத்தை எழுதுவது பற்றிய தாளுக்காக, மத்திய ஆப்பிரிக்காவின் வரலாற்றை ஆராய்ந்த யான் வன்சினாவின் ஆய்வுவாழ்வைக் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை அளிக்க வேண்டியுள்ளது. (அவர் முதற்பெயரை ஒலிப்பின்படி எழுதினால் நம் மொழியில் தன்மைப் பெயராகிவிடுகிறது, ஆகவே இனி வன்சினா என்றே குறிப்பிடுகிறேன்.)

எங்கள் நூலகத்தில் வாய்மொழி மரபைப் பற்றி அவர் 1961இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலின் 1965ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. அதைப் படித்து முடித்துக் குறிப்பும் எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் 1985இல் அதே பொருளில் அவர் இன்னொரு நூல் எழுதியிருப்பது தெரியவந்தது. இரண்டாம் பதிப்பாக இருக்கும் என்று எண்ணித் திறந்தேன்; ஆனால் அது வேறொருவர் எழுதியதைப் போல் இருக்கிறது. முதல் நூலில், ஒரு செய்தி யார் வாயிலிருந்து யார் காதுக்குச் சென்றது என்னும் சங்கிலியை வரைந்து, பாடபேதங்களை ஒப்பிட்டு, மூலவடிவத்தை நெருங்கிவிடலாம் என்ற நம்பிக்கை தெரிகிறது. சுவடிப் பதிப்பாசிரியர்கள் மூலபாடத்தைத் தேடும் முறைதான் அது. இரண்டாவது நூலோ, பல மரபுகளில் அப்படியொரு மூலவடிவமே இருந்திருக்க வேண்டியதில்லை என்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்ப நினைவைத் திருத்திக்கொள்கிறது என்கிறது.

ஒரே அறிஞர் தம் புகழுக்குக் காரணமான நூலைத் தாமே இவ்வளவு தூரம் மாற்றி எழுதியதற்கு என்ன காரணம்? அவருடைய களப்பணியில் ஏதேனும் நிகழ்ந்ததா, பிறருடைய விமர்சனமா? மேலும், பல கட்டுரைகள் அவரை ஆப்பிரிக்க வரலாற்றுத் துறையின் தந்தை என்று அழைக்கின்றன. அதை அப்படியே என் கட்டுரையில் எழுதலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாணவிக்கு வாழ்த்துகள். இரண்டு நூல்களும் வேறொருவர் எழுதியவை போல் உள்ளன என்று நீங்கள் கண்டது சரியான அவதானிப்பு. அதற்கான விடை அவர் ஆப்பிரிக்காவுக்கு எவ்வாறு வந்தார் என்பதிலேயே தொடங்குகிறது.

வன்சினா 1929இல் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்த பெல்ஜியர். லூவென் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது ஐரோப்பிய இடைக்கால வரலாறு. இறந்தோரைப் பாடும் இடைக்காலப் பாடல்களை, நாம் கையறுநிலை என்று வகைப்படுத்துவதைப் போன்றவற்றை, ஆராய்ந்தவர். ஆப்பிரிக்காவுக்கு அவர் சென்றது அந்தக் கண்டத்தின் மீதிருந்த பற்றினால் அன்று, வேலை கிடைத்ததனால். பெல்ஜிய அரசு மத்திய ஆப்பிரிக்காவில் அறிவியல் ஆய்வுக்கென நிறுவியிருந்த கழகத்தில் அவருக்கு மானிடவியல் ஆய்வாளராகப் பணி கிடைத்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் டேரில் ஃபோர்டிடம் சிறிது காலம் மானிடவியல் பயிற்சி பெற்று, 1952இன் இறுதியில் அன்றைய பெல்ஜியக் காங்கோவின் கசாய் பகுதிக்குச் சென்று, குபா அரசின் மக்களிடையே பணியைத் தொடங்கினார். அவர்களுக்கு அண்டையிலிருந்த லெலே மக்களிடையே மானிடவியலாளர் மேரி டக்ளஸ் அதற்குச் சற்று முன்னர்தான் களப்பணி செய்திருந்தார். அன்றைய மானிடவியலாளர்கள் ஒரு சமூகம் தாங்கள் பார்க்கும் நாளில் எவ்வாறு இயங்குகிறது என்பதையே பெரிதும் கேட்டார்கள். கடந்தகாலத்தைக் கேட்பது வீண் ஊகம் என்று கருதினார்கள். வன்சினாவும் அந்தப் பயிற்சியோடுதான் சென்றார்.

திருப்பம் 1953இல் நேர்ந்தது. குபா முதியவர் ஒருவர் அவரிடம், எங்களுக்கும் கடந்தகாலம் தெரியும், எங்கள் செய்தித்தாள்களை நாங்கள் தலைக்குள் சுமக்கிறோம் என்ற பொருள்படக் கூறி, எடுத்துக்காட்டாகச் சில சிறு பாடல்களையும் பாடிக்காட்டினார். அரசமரபோடு தொடர்புடைய அவ்வகைப் பாடல்களுக்கு அங்கே ‘ன்சோக்’ என்று பெயர். அவை தாம் லூவெனில் ஆராய்ந்த இரங்கற்பாக்களைப் போலவே கட்டுக்கோப்பான பாடங்கள் என்பது வன்சினாவுக்கு அப்போது தோன்றியது. பாடம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பாடத்திறனாய்வு செய்யலாம். பாடத்திறனாய்வு செய்ய முடியுமென்றால் அது வரலாற்றுச் சான்றாகும். இந்த ஒரே பாய்ச்சலில்தான் 1961ஆம் ஆண்டு நூல் கருக்கொண்டது. ஆகவே அந்த நூலில் சுவடிப் பதிப்பாசிரியரின் வாடை வீசுவதாக உங்களுக்குத் தோன்றியது தற்செயலன்று. ஐரோப்பிய இடைக்காலத்துக்கென உருவான கருவிகளை ஏறத்தாழ முழுமையாகவே அவர் கசாய்க்கு எடுத்துச் சென்றார்.

அதற்குள் அவர் குபா அரசின் மையக் குழுவினர் பேசும் புஷோங் மொழியைக் கற்று, 1959இல் அதற்கு ஓர் இலக்கணச் சுருக்கத்தையும் வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளரை நம்பியே இருப்பவர் இப்பணியைச் செய்திருக்க முடியாது. லூவெனில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு அவர் ருவாண்டாவிலும் புருண்டியிலும் 1957 முதல் 1960 வரை செய்த பணி முதல் நூலின் நல்ல பகுதிகளுக்குக் காரணம் என்பது என் கருத்து. இரண்டும் அருகருகே உள்ள முடியரசுகள். மொழியும் மிக நெருங்கியது. ஆயினும் ருவாண்டா அரசவையில் அரசகுலப் பாடல்களையும் வரலாற்றுக் கதைகளையும் சடங்கு நூலையும் மனப்பாடமாகக் காப்பதற்கென்றே குடும்பங்கள் இருந்தன. புருண்டியிலோ அத்தகைய அலுவலர்கள் இல்லை. கதைகள் குறுகியவை, தளர்வானவை. அங்கே இளவரசர்களுக்குள் அதிகாரம் இடையறாது கைமாறியதால், நேற்றைய வரலாற்றை நிலைநிறுத்துவதில் யாருக்கும் நீடித்த நலன் இருக்கவில்லை. நினைவின் வடிவத்தை அரசியல் அமைப்பே தீர்மானிக்கிறது என்ற இந்தக் கவனிப்பு 1961லேயே இருக்கிறது. அதாவது, 1985ஆம் ஆண்டு நூலின் விதை முதல் நூலுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் அது தம் முறையை எவ்வளவு தூரம் அசைக்கும் என்பதை அப்போது அவர் பார்க்கவில்லை.

காங்கோ விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டில் வரலாற்றாளர் பிலிப் கர்ட்டின் அழைப்பின் பேரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு, மேடிசன் நகருக்குச் சென்றார். இடையிடையே களப்பணிக்கும் கற்பித்தலுக்கும் ஆப்பிரிக்கா சென்றபோதும், 1994இல் ஓய்வு பெறும் வரை அதுவே அவருக்குத் தளம். ஐம்பதுக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வுகளை அங்கே நெறிப்படுத்தினார். அவரைத் திருத்தியவர்களில் பலர் அதே நகரில், அதே தாழ்வாரத்தில் இருந்தார்கள் என்பதை உங்கள் கட்டுரையில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

விமர்சனம் இரு திசைகளிலிருந்து வந்தது. அமைப்பியல் சார்ந்த மானிடவியலாளர்கள் ஒரு பக்கம். லுபா, லுண்டா மக்களின் அரசத் தோற்றக் கதைகளை எடுத்துக்கொண்ட லுக் டி ஹூஷ் 1972இல், வேட்டைக்காரனாக வந்த அந்நிய இளவரசன், குடிகார மன்னன் முதலியவை நடந்த நிகழ்ச்சிகளின் பதிவுகள் அல்ல, உலகின் ஒழுங்கைப் பேசும் தொன்மங்கள் என்று வாதிட்டார். 1966இல் சவன்னா அரசுகளைப் பற்றி எழுதிய நூலில் வன்சினா அதே கதைகளை ஏறத்தாழ நிகழ்ச்சிகளாகவே எடுத்தாண்டிருந்தார். மறுபக்கம், வரலாற்றாளர்களே ஐயம் எழுப்பினார்கள். மேடிசனில் ஆப்பிரிக்க நூற்றொகைப் பொறுப்பிலிருந்த டேவிட் ஹெனிகே 1974இல் வாய்மொழி மரபின் காலக்கணிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, நீண்ட அரசர் பட்டியல்களும் தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று பெருக்கிக் காலம் கணிப்பதும் எவ்வளவு ஆபத்தானவை என்று காட்டினார். அரசுரிமைக்குப் போட்டியிடுவோர் தங்கள் முன்னோரை நீட்டிக்கொள்வதும், வேண்டாத மன்னரை விட்டுவிடுவதும் உலகெங்கும் உள்ள வழக்கம்தானே.

வன்சினா இவற்றில் ஒரு பாதியை ஏற்றார், மறு பாதியை இறுதிவரை எதிர்த்தார். எல்லாமே தொன்மம் என்பதை அவர் ஒப்பவில்லை. நிகழ்காலத் தேவைகள் மட்டுமே மரபை உருவாக்கியிருந்தால், நிகழ்காலத்துக்குச் சங்கடமான, பயனற்ற செய்திகள் அதில் எஞ்சியிருக்க வேண்டிய அவசியம் இல்லையே என்பது அவர் வாதம். ஆனால் மூலவடிவத்தைத் தேடுவதைக் கைவிட்டார்.

அதற்கு விமர்சனத்தைவிட அவருடைய சொந்தக் களமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். 1963–64இல் காங்கோ-பிரஸ்ஸாவில் நாட்டில் தியோ மக்களிடையே பணியாற்றி, 1973இல் தியோ அரசைப் பற்றிய நூலை வெளியிட்டார். தலைப்பிலேயே 1880–1892 என்று பன்னிரண்டே ஆண்டுகள். பிரெஞ்சு நாட்டுக்காரரான பிராசாவோடு தியோ மன்னர் மக்கோக்கோ 1880இல் உடன்படிக்கை செய்துகொண்டதும், அதன் தொடர்ச்சியாக ஆட்சி கைமாறியதுமான காலம் அது. ஆயிரமாண்டுப் பழமையைத் தேடியவர் ஏன் பன்னிரண்டு ஆண்டுகளில் நின்றார்? தியோ மக்களின் தொடர்ச்சியான நினைவு அவ்வளவு தூரமே சென்றது. 1985ஆம் ஆண்டு நூலில் இதை ஒரு விதியாகவே சொல்கிறார். அண்மைக்காலத்தைப் பற்றி ஏராளமான செய்திகள் இருக்கும். உலகமும் குலமும் தோன்றியதைப் பற்றியும் நிறைய இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை, தலைமுறைகளோடு சேர்ந்து முன்னே நகர்கிறது. 1880 அளவில் தியோ மக்களின் நினைவெல்லை ஏறத்தாழ 1800ஆக இருந்தது. 1960இல் அது 1880க்கு வந்துவிட்டது. மிதக்கும் இடைவெளி என்று அவர் பெயரிட்ட இந்தக் கருத்தைத்தான் பின்னர் எகிப்தியவியலாளர் யான் அஸ்மன் பண்பாட்டு நினைவு பற்றிய தம் கோட்பாட்டில் எடுத்தாண்டார்.

ஆகவே 1985ஐ முதலில் படியுங்கள். பிறகு தியோ நூலின் முன்னுரை. அதன் பின் 1961க்குத் திரும்புங்கள். நீங்கள் எடுத்த குறிப்புகள் வீணாகாது.

மறுமொழி 2: மேற்கு ஆப்பிரிக்க வரலாற்று வாசகர்

ஆசிரியர் ஐயா எழுதியவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் மாணவியின் கடைசிக் கேள்வியைத் தொடாமல் சென்றுவிட்டார்கள். துறையின் தந்தை என்ற அடைமொழியைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

1963இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியர்களின் வரலாறு மட்டுமே, மற்றதெல்லாம் இருள் என்று சொன்னது எல்லா முன்னுரைகளிலும் மேற்கோளாக வரும். வன்சினா அந்த இருளில் விளக்கேற்றியவராக அடுத்த பத்தியில் நுழைவார். இந்த வரிசை வசதியானது, ஆனால் பிழையானது. ட்ரெவர்-ரோப்பர் பேசுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1950இல், நைஜீரியரான கென்னத் ஒன்வுக்கா டிக்கே லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். நைஜர் கழிமுகத்தின் வணிகமும் அரசியலும் குறித்த அவருடைய நூல் 1956இல் வெளிவந்தது. ஐரோப்பிய வணிகர்களைவிட, பொன்னி, காலபார் முதலிய இடங்களின் ஆப்பிரிக்க வணிகக் குடும்பங்களை மையத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது; வாய்மொழிச் சான்றுகளையும் எடுத்தாண்டது. நைஜீரியாவின் தேசிய ஆவணக் காப்பகம் உருவாவதற்கும் அவரே உழைத்தார். இபதான் பல்கலைக்கழகத்தில் அவரைச் சூழ்ந்து ஒரு முழு மரபே வளர்ந்தது.

கிழக்கே கென்யாவில் பெத்வெல் ஒகொட். இவரும் 1929இல் பிறந்தவர். வன்சினாவுக்கு ஆறு வாரம் மூத்தவர். தெற்கு லுவோ மக்களின் இடப்பெயர்வும் குடியேற்றமும் பற்றிய அவருடைய நூல் 1967இல் வந்தது. அது பெரும்பாலும் குலங்களின் வாய்மொழி மரபுகளைக் கொண்டே கட்டப்பட்டது. வன்சினா வெளியிலிருந்து சென்று மொழி கற்றுக் கேட்டவற்றை ஒகொட் தம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தார். இது சாதகம் மட்டுமன்று, உள்ளூர் ஆய்வாளருக்கு அதில் தனிச்சிக்கலும் உண்டு. எந்தக் குலத்துக்குச் சாதகமாக எழுதினாய் என்று ஊரே கேட்கும்.

இன்னும் பின்னே போகலாம். யொருபா மக்களின் வரலாற்றை எழுதிய பாதிரியார் சாமுவேல் ஜான்சன், ஒயோ அரசவையில் மரபைக் காத்துவந்த ‘அரோக்கின்’ என்போரிடம் கேட்டே 1897இல் தம் நூலை முடித்தார்; அது அச்சேறியது 1921இல். புகாண்டாவின் முதலமைச்சர் அப்போலோ கக்வா தம் நாட்டு மன்னர்களின் வரலாற்றை 1901இல் லுகாண்டா மொழியில் வெளியிட்டார். வாய்மொழியிலிருந்து வரலாறு எழுத முடியும் என்று ஆப்பிரிக்கர்களுக்கு யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. அதற்கான விதிகளை, லூவென் பேராசிரியர்களும் மறுக்க முடியாத மொழியில், ஒரு கையேடாக எழுதியதே வன்சினா செய்தது. அது சிறிய பணியன்று. 1964இல் தொடங்கப்பட்ட யுனெஸ்கோவின் எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாற்றின் முதல் தொகுதியில் வாய்மொழி மரபின் முறையியலை எழுத அவரையே அழைத்தார்கள். அதே தொகுதியில், மாலி நாட்டின் அமாடு ஹம்பாத்தே பா, மரபுக்குள்ளேயே வளர்ந்தவர் என்ற நிலையிலிருந்து எழுதிய கட்டுரையும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒருவர் மரபை ஆவணமாகப் பார்க்கிறார், மற்றவர் கல்வியாகப் பார்க்கிறார். எனக்கு ஹம்பாத்தே பாவின் கட்டுரைதான் பிடிக்கும். ஆனால் தேர்வுத் தாளுக்கு வன்சினாதான் பயன்படுவார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3: ஆவணக் காப்பகப் பணியாளர்

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, எழுத்து மீண்டும் வாய்மொழிக்குள் புகுவது. ஹெனிகே 1973இல் கானாவின் ஃபாண்டே கடற்கரையிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து காட்டியது இதுதான்: பழைய ஐரோப்பிய நூல்களில் அச்சான செய்திகளை உள்ளூர் மக்கள் படித்தோ கேட்டோ உள்வாங்கிக்கொண்டு, பிறகு அவற்றையே மூதாதையர் வாக்காகக் கூறுகிறார்கள். ஆய்வாளர் வந்து பதிவுசெய்து, அச்சுநூலும் வாய்மொழியும் பொருந்துகின்றன என்று மகிழ்கிறார். பொருந்தாமல் என்ன செய்யும்? ஊற்று ஒன்றுதான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றில் வன்சினாவுக்கே தொடர்புண்டு. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட சில ஆப்பிரிக்கச் சொற்களோடு மேடிசனுக்கு வந்து அவரைக் கண்டார். அவை மண்டிங்கா மொழிச் சொற்களாகலாம், ‘காம்பி பொலொங்கோ’ என்பது காம்பியா ஆறாகலாம் என்று வன்சினா கூறினார். ஹேலி காம்பியாவுக்குச் சென்று, ஜுஃபுரே ஊரில் ஒரு கதைசொல்லியிடம் தம் மூதாதையின் கதையைக் கேட்டார். 1976இல் ‘வேர்கள்’ வெளிவந்தது. பின்னர் அதே ஊரில் ஆய்வு செய்த வரலாற்றாளர் டொனால்டு ரைட், ஹேலி தேடிவந்தது என்ன என்பது அவர் வருவதற்கு முன்பே அங்கே தெரிந்திருந்ததையும், அந்தக் கதைசொல்லி வழிவழியாக அப்பணியைச் செய்த குடும்பத்தவர் அல்லர் என்பதையும் 1981இல் எழுதினார். அந்தக் கட்டுரை வெளியானது ஹெனிகே 1974இல் தொடங்கிய முறையியல் இதழில். வன்சினா சொன்னது மொழியைப் பற்றிய ஓர் ஊகம் மட்டுமே, அதில் பிழை காண்பதற்கில்லை; ஆனால் கேட்பவரின் கேள்வியே விடையை உருவாக்கும் என்பதை 1985ஆம் ஆண்டு நூலில் படிக்கும்போது இது உங்கள் நினைவுக்கு வரட்டும்.

இரண்டாவது, சான்றைப் பிறர் சரிபார்க்கும் வகையில் வைப்பது. ஏடு என்றால் அடுத்தவர் சென்று அதே ஏட்டைப் பார்க்கலாம். ஆய்வாளர் ஒரு முதியவரிடம் தனியே கேட்டதை யார் பார்ப்பது? பிலிப் கர்ட்டின் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில், களத்தில் பதிவுசெய்த ஒலிநாடாக்களைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைப்பது ஆய்வாளரின் கடமை என்று வலியுறுத்தினார். வன்சினா இதைத் தம்மளவில் கடைப்பிடித்தவர். ருவாண்டாவில் அவர் தலைமையில் திரட்டிய, ‘இபிதெக்கெரெசோ’ எனப்படும் வரலாற்றுக் கதைகள் நுண்படச் சுருள்களாகப் பிற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கச் செய்யப்பட்டன. என் தொழில்சார்ந்த பாராட்டு அவருக்கு முதன்மையாக இதற்குத்தான். நெறிமுறைகளை எழுதும் பலர் தங்கள் நோட்டுப் புத்தகத்தைக் காட்டமாட்டார்கள்.

மறுமொழி 4: பெருஏரிப் பகுதி ஆய்வாளர்

ருவாண்டாவைப் பற்றி மேலே குறிப்பிட்டதால் எழுதுகிறேன். தம்மைத் தாமே திருத்திக்கொண்டதில் அவருடைய உச்சம் 1985ஆம் ஆண்டு நூல் அன்று, 2001இல் பிரெஞ்சிலும் 2004இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த, ருவாண்டாவை ஆண்ட நியிகினியா அரசகுலத்தின் வரலாறு என்பேன்.

ருவாண்டா அரசவையின் மரபுகளை எழுத்தில் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அருட்தந்தை அலெக்சிஸ் கக்காமே. அவர் அந்த அரசகுலத்தை மிகப் பழமையானதாகவும், தொடர்ச்சி அறாததாகவும் காட்டினார். வன்சினா 1962இல் ருவாண்டாவைப் பற்றி எழுதிய நூலில் அந்தக் காலக்கணக்கைத் திருத்தினார். ஆயினும் அரசர் பட்டியலின் எலும்புக்கூட்டை ஏற்றுக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த எலும்புக்கூட்டையும் உடைத்தார். அரசு தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில் ருகன்சு ந்தோரியோடுதான், அவருக்கு முந்திய மன்னர்களைக் கொண்டு வரலாறு எழுத இயலாது என்றார்.

அதைவிட முக்கியமானது ஹுட்டு, துட்சி என்னும் பிரிவைப் பற்றி அவர் எழுதியது. துட்சிகள் வடக்கேயிருந்து படையெடுத்து வந்த தனி இனத்தார் என்ற காலனியக் கதையை அவர் ஏற்கவில்லை. அதே சமயம், இந்தப் பிளவு முழுக்க முழுக்கப் பெல்ஜியர்கள் உருவாக்கியது என்று சொல்வோருக்கும் அவர் நூல் உவப்பாக இல்லை. மன்னர் ருவாபுகிரியின் காலத்தில், ஏறத்தாழ 1870 அளவில், ‘உபுரெத்வா’ என்ற கட்டாய உழைப்பு உழவர் குடிகள் மீது மட்டும் சுமத்தப்பட்டதையும், மாடு வளர்ப்போர் அதிலிருந்து விலக்குப் பெற்றதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். அந்த இழிவே இரு பெயர்களையும் நாடு முழுவதும் எதிரெதிராக நிறுத்தியது என்பது அவர் முடிவு. காலனிய ஆட்சி அதன் மேல் அடையாள அட்டைகளை ஏற்றியது. 1994ஆம் ஆண்டு ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் இப்படி எழுதுவது ஒரு காலக்கணக்குத் திருத்தம் மட்டுமன்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அரசவை மரபு அரசவையின் பக்கமிருந்தே பேசும் என்ற 1985ஆம் ஆண்டு விதியை, அது மிகவும் சங்கடப்படுத்தும் இடத்தில் அவர் பயன்படுத்தினார்.

வாய்மொழியே எட்டாத காலத்துக்கு அவர் வேறு வழி கண்டதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1990இல் வெளிவந்த நிலநடுக்கோட்டு மழைக்காடுகளின் வரலாற்றில், பாண்டு மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு, ஒரு பொருளோ பதவியோ எங்கே தோன்றி எவ்வழியே பரவியது என்று தேடினார். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

தொடர் கேள்வி: முதுகலை மாணவி

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. தந்தை என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இரண்டு நாளாக 1985ஆம் ஆண்டு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. தவறாக இருந்தால் பொறுத்தருளுங்கள்.

தலைக்குள் செய்தித்தாளைச் சுமக்கிறோம் என்று குபா முதியவர் கூறிய நிகழ்ச்சியை ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார்கள். வேறு கட்டுரைகளிலும் அதுவே தொடக்கக் காட்சியாக வருகிறது. தேடிப் பார்த்ததில், பலரும் அதற்கு மேற்கோள் காட்டுவது வன்சினா 1994இல் வெளியிட்ட தன்வரலாற்றை. நிகழ்ச்சி நடந்தது 1953இல். நாற்பது ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற ஒருவர், தம் துறை எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்லும் கதை இது. தோற்றக் கதைகள் காலப்போக்கில் ஒரே நாளுக்கும் ஒரே வாக்கியத்துக்கும் சுருங்கிவிடும் என்று அவருடைய நூலே எச்சரிக்கும்போது, இதை நான் எவ்வாறு எடுத்துக்கொள்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிடித்துவிட்டீர்கள். நானும் பல ஆண்டுகளாக வகுப்பில் அந்தக் கதையைத் தயங்காமல் சொல்லிவந்தவன்தான். ஒரு திருத்தம் மட்டும்: அவருடைய சொற்களிலேயே கூறினால் இது வாய்மொழி மரபு ஆகாது, வாய்மொழி வரலாற்றுக்கு நெருக்கமான நேர்முக நினைவு. நிகழ்ச்சியில் பங்குகொண்டவரே சொல்கிறார். தலைமுறை ஏதும் கைமாறவில்லை. மரபாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்கள். எனவே கட்டுரையில் “1953இல் நிகழ்ந்தது” என்று எழுதாமல், “1953இல் நிகழ்ந்ததாக 1994இல் வன்சினா நினைவுகூர்கிறார்” என்று எழுதுங்கள்.

மறுமொழி: ஆவணக் காப்பகப் பணியாளர்

அவர் 1950களில் எழுதிய குபா களக்குறிப்புகள் அழியவில்லை. காலனிய ஆட்சியின் கீழ் குபா மக்கள் வாழ்ந்ததைப் பற்றி 2010இல், எண்பது வயதைக் கடந்த பிறகு அவர் வெளியிட்ட நூல், அரைநூற்றாண்டுக்கு முந்திய அந்தக் குறிப்புகளைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டது. பாடல்களைக் கேட்ட நாளில் அவர் என்ன குறித்துக்கொண்டார், செய்தித்தாள் என்ற சொல் அங்கே இருக்கிறதா என்பதை, புஷோங் மொழி கற்ற ஒருவர் அந்தக் குறிப்பேடுகளைத் திறந்து பார்க்க வேண்டும்.